துருக்கிக் கூழ்

இஸ்தான்புல் நகரத்தில் நாம் இரண்டு வருஷம் குடியிருந்து திரும்பியவர் என்று தெரிந்ததும், நம்மைப் பார்க்க வருகிறவர்கள் தவறாமல் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். "ஆயா ஸோபியாவைப் பார்த்தீர்களா?" என்பது முதல் கேள்வி. "பாஸ்பரஸ் ஜலசந்தி எப்படியிருக்கிறது?" என்பது இரண்டாவது. "துருக்கிக் காப்பி நம் கும்பகோணம் டிகிரி காப்பிக்கு ஈடாகுமா?" என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் மரியாதையாகப் பதில் சொல்லிவிடுவோம். மூன்றாவதற்கு உண்மையைச் சொன்னால் இரண்டு தேசங்களுக்கும் உள்ள சிநேகம் கெட்டுப்போகும். ஆகையால் புன்னகை செய்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவோம்.

ஒருவரும் கேட்காத விஷயம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே எழுத உத்தேசம். அது ஒரு தம்ளர் கூழைப் பற்றிய விஷயம். கூழ் என்றால் உபமானத்துக்காகச் சொல்லவில்லை. சாக்ஷாத் கூழேதான்! தானியத்தை நொறுக்கி, வேகவைத்து, புளிக்கவைத்து, மறுநாள் குடிக்கிற கூழ். மாரிக்காலத்து ராத்திரியில், எலும்பை ஊடுருவும் குளிரில், கம்பளி அங்கியும் குல்லாயும் தரித்த கனவான்கள் காசு கொடுத்து அதை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அதற்குப் 'பொஸா' என்று பெயர்.

நாம் அங்கே போய்ச் சேர்ந்தது 2017-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடம் சொல்லிக் கொடுக்கும் உத்தியோகம். இஸ்தான்புல் ஒரே நகரம்தான் என்றாலும், ஐரோப்பாவில் ஒரு காலும் ஆசியாவில் ஒரு காலுமாக நிற்கிறது. நடுவே பாஸ்பரஸ் ஓடுகிறது. ஐரோப்பியக் கரையில் சுல்தான்களின் அரண்மனையும் புகழ் பெற்ற மசூதிகளும் இருக்கின்றன. ஆசியக் கரையில் உஸ்குதார் என்னும் பகுதி இருக்கிறது. பழைய ஆங்கிலப் புஸ்தகங்களில் 'ஸ்கூட்டாரி' என்று எழுதியிருப்பது இந்த ஊரைத்தான். 1854-ஆம் வருஷத்தில் பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்ய வந்து இறங்கியதும் இங்கேதான். பல வருஷமாகப் பையன்களுக்குப் பாடம் நடத்திய இடத்திலேயே வாடகைக்கு வீடு அமர்ந்தது நமக்குப் பரம திருப்தி. மூன்றாவது மாடியில் வீடு; லிப்ட் கிடையாது. அந்தப் படிகளுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டு என்பதால் சொல்லி வைக்கிறோம்.

நவம்பர் மாதத்தில் ஒரு நாள். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். தெருவில் ஜன நடமாட்டம் இல்லை. அப்போது எங்கிருந்தோ ஒரு குரல் கிளம்பிற்று. "போ…ஸா…ஆ…!" முதல் எழுத்தை நீட்டி, இரண்டாவது எழுத்தை அதைவிட நீட்டி, அடிவயிற்றிலிருந்து எழுந்த கனத்த குரல்.

"யாரோ மாட்டைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார், பாவம்" என்றாள் நம் மனைவி. அவள் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்தவள். மாட்டைத் தேடுகிற குரல் எப்படியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். நாமோ காவேரிக் கரையில் பிறந்து, பட்டணத்துக் கலாசாலையில் பட்டம் வாங்கியவர். ஆகவே, "இவ்வளவு பெரிய நகரத்தில் மாடு ஏது?" என்று தர்க்கம் செய்தோம்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். கீழே ஒரு மனிதர் கையில் மூடியிட்ட உலோகப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். எதிர் வீட்டில் இரண்டாவது மாடி ஜன்னல் திறந்தது. ஒரு பாட்டியம்மாள் தலையை நீட்டி ஏதோ சொல்லிவிட்டு, கயிற்றில் கட்டிய கூடை ஒன்றைக் கீழே இறக்கினாள். கூடைக்குள் ஒரு கிண்ணமும் காசும் இருந்தன. அந்த மனிதர் காசை எடுத்துக்கொண்டு, கிண்ணத்தில் எதையோ கெட்டியாக ஊற்றி, மேலே ஏதோ பொடியைத் தூவினார். கூடை ஆடிக்கொண்டே மேலே போயிற்று. ஜன்னல் சாத்திக்கொண்டது. "போ…ஸா…ஆ…!" என்ற குரல் அடுத்த தெருவுக்குத் திரும்பியது. நம் ஊர்களில் ராத்திரி வேளையில் மணியடித்துக்கொண்டு குல்பிக்காரர் வருவார் அல்லவா? அந்த ஞாபகம் நம் இருவருக்கும் ஒரே சமயத்தில் வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் அறையில் சரித்திர ஆசிரியரிடம் விசாரித்தோம். அவர் உபகாரச் சம்பளம் வாங்குவதற்கு இரண்டு வருஷமே பாக்கி இருந்த பெரியவர். துருக்கியில் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டால் முதலில் தேநீர் வரும். பிறகுதான் பதில் வரும். இடை சிறுத்த சின்னக் கண்ணாடித் தம்ளர்களில் தேநீர் வந்தது. பதிலும் வந்தது.

"பொஸாவா? தானியத்தை, முக்கியமாக 'தாரி' என்கிற தானியத்தை, நொறுக்கித் தண்ணீரில் வெகு நேரம் வேகவைக்க வேண்டும். ஆறிய பிறகு நன்றாக வடிகட்ட வேண்டும். சர்க்கரை சேர்த்து, முந்தைய பொஸாவில் கொஞ்சம் எடுத்து உறை ஊற்றினால் புளிக்கும். வெயில் நாளில் வைத்தால் ஒரே நாளில் கெட்டுப் போகும். ஆகையால் இது குளிர்கால பானம். அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரையில்தான் அந்தக் குரலைக் கேட்பீர்கள்."

பிறகு அவர் தமது சொந்த விஷயமாகிய சரித்திரத்தில் இறங்கினார். உதுமானிய சாம்ராஜ்யத்தின் பிரசித்தி பெற்ற படையாகிய ஜானிஸரிச் சிப்பாய்கள் இதை விரும்பிக் குடித்தார்களாம். உடம்புக்குச் சூடும் பலமும் தரும் என்பது நம்பிக்கை. பதினேழாம் நூற்றாண்டில் ஊர் ஊராய்ச் சுற்றிப் பிரயாண நூல் எழுதிய எவ்லியா செலபி, இஸ்தான்புல்லில் மட்டும் முந்நூறு பொஸாக் கடைகள் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். ஆனால் பொஸாவுக்குச் சோதனைக் காலங்களும் உண்டு. பொஸாவில் இரண்டு ஜாதி: ஒன்று இனிப்பு, மற்றொன்று புளிப்பு. அதிகமாகப் புளிக்க விட்டால் போதை ஏறும். சிலர் அதில் அபினையும் கலக்கத் தொடங்கவே, இரண்டாம் ஸெலிம் சுல்தான் காலத்தில், அதாவது 1566-க்கும் 1574-க்கும் நடுவில், தடை வந்தது. அடுத்த நூற்றாண்டில் நான்காம் மெஹ்மத் சுல்தான் மதுவகைகளையெல்லாம் விலக்கியபோது பொஸாவும் அந்த வலையில் சிக்கிற்று.

"எங்கள் பாஷையில் ஒரு பழமொழி இருக்கிறது: பொஸாக்காரனுக்குச் சாட்சி ஷிராக்காரன்" என்று சொல்லிப் பெரியவர் சிரித்தார். ஷிரா என்பது திராட்சைச் சாற்றை லேசாகப் புளிக்கவைத்த பானம். ஒருவர் பானத்தில் போதையில்லை என்று மற்றவர் சத்தியம் செய்வாராம்! 'வேலிக்கு ஓணான் சாட்சி' என்ற நம் பழமொழியை நாம் எடுத்துச் சொன்னோம். பெரியவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. உடனே ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

ஆனால் நமக்கு ஒரு தர்மசங்கடம் ஏற்பட்டது. நாம் மதுவிலக்கில் உறுதியுள்ளவர். வருஷந்தோறும் அக்டோபர் 2-ந் தேதி பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குக் குடியின் தீமைகளைப் பற்றி உபந்யாசம் செய்து பழகியவர். "இப்போது விற்கிற பொஸாவில் போதை உண்டா?" என்று கேட்டோம். "நூற்றுக்கு ஒரு பங்கு இருக்கலாம். குழந்தைகள்கூடக் குடிக்கிறார்கள்" என்றார் பெரியவர். நூற்றில் ஒரு பங்கு! அந்த ஒரு பங்கு நம் மனச்சாட்சியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இரண்டு மாதம் ராத்திரி தோறும் குரல் வந்தது. நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டோம்.

கடைசியில் விவகாரத்தைத் தீர்த்து வைத்தவள் நம் மனைவிதான். ஒரு நாள் உஸ்குதார் சந்தையில் தானியக் கடைக்காரரிடம் கையை நீட்டிக் காட்டி, 'தாரி'யில் ஒரு பிடி வாங்கி வந்தாள். உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தாள். "இது பனிவரகு" என்றாள். "இதை வேகவைத்துப் புளிக்கவைத்தால் கூழ். கூழுக்காகவா இரண்டு மாதம் யோசித்தீர்கள்? பழைய சோற்று நீராகாரம் குடிக்காமலா நீங்கள் வளர்ந்தீர்கள்? அது புளிக்கவில்லையா? தோசை மாவு புளிக்கவில்லையா?"

பட்டதாரிகளிடம் இதற்குப் பதில் கிடையாது. தோல்வியை ஒப்புக்கொண்டோம். ஆனால் பரீக்ஷை செய்வதென்றால் தெருவில் செய்யலாகாது, ஊரிலேயே கீர்த்தி பெற்ற கடையில்தான் செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டோம்.

2018 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படகு ஏறி ஐரோப்பாவுக்குப் போனோம். உஸ்குதாரிலிருந்து எமினோனு துறைக்குக் கால் மணிப் பிரயாணம். கடற்பறவைகள் படகோடு கூடவே பறந்து வந்தன. பிரயாணிகள் எள் தூவிய வளைய ரொட்டியைப் பிய்த்து வீசினார்கள். பறவைகள் அதை ஆகாயத்திலேயே பிடித்தன. இறங்கினதும் மசாலாச் சந்தையின் மணம் எதிர்கொண்டது. அங்கிருந்து செங்குத்தான தெருக்கள் வழியாக மேட்டில் ஏறினால் ஸுலைமானியா மசூதி. ஸினான் என்ற மகா சிற்பி 1557-ல் கட்டி முடித்தது. அதையும் தாண்டி நடந்தால் வெஃபா என்ற பழைய பேட்டை. பக்கத்திலேயே நாலாம் நூற்றாண்டில் ரோமர்கள் கட்டிய நீர்ப் பாலம் வளைவு வளைவாக நிற்கிறது. மெல்லிய பனி விழுந்துகொண்டிருந்தது.

இந்த வெஃபாப் பேட்டையில்தான், பிரிஸ்ரென் என்ற ஊரிலிருந்து வந்து குடியேறிய ஹாஜி ஸாதிக் என்பவர் 1876-ஆம் வருஷத்தில் ஒரு பொஸாக் கடை வைத்தார். 'வெஃபா பொஸாஜிஸி' என்ற அந்தக் கடை இன்றும் அவர் குடும்பத்தாரிடமே இருக்கிறது. உள்ளே நுழைந்தால் பழைய கண்ணாடிகளும் மரவேலையும் பளிங்கும் பளபளக்கின்றன. மேடையின் மேல் நிரப்பிய தம்ளர்கள் வரிசையாக அணிவகுத்து நிற்கின்றன. சுவரில் ஒரு மாடத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரே ஒரு தம்ளர் மட்டும் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. அது 1937-ஆம் வருஷத்தில் கமால் அத்தாதுர்க் இந்தக் கடைக்கு வந்து பொஸா குடித்த தம்ளர்! சாம்ராஜ்யம் போய்க் குடியரசு வந்ததும் அவர் தலையிலிருந்த தொப்பியை மாற்றினார். எழுதுகிற எழுத்தை மாற்றினார். ஆனால் தம்ளரிலிருந்த கூழை மாற்றவில்லை.

கடைக்கு எதிரே வறுத்த கொண்டைக்கடலை விற்கிற கடை. அதைச் சூடாக ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு பொஸாவுக்கு வருவதுதான் முறை. அப்படியே செய்தோம். எங்களைச் சுற்றிலும் வயதான தம்பதிகள், பள்ளிக்கூடத்துப் பெண்கள், பாரம் தூக்குகிற தொழிலாளி, குழந்தையைத் தோளில் சுமந்த தகப்பனார் எல்லாரும் ஒரே மாதிரித் தம்ளரை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

பொஸாவின் நிறம், சந்தனத்தைப் பாலில் குழைத்தது போலிருந்தது. பாயசத்தைவிடக் கெட்டி, களியைவிடத் தளர்வு. மேலே லவங்கப்பட்டைப் பொடி. கடலையை அதன் தலையில் போட்டுக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட வேண்டும். முதல் வாய் இனிப்பாயிருந்தது. இனிப்பு நாக்கிலிருந்து இறங்குகிற சமயத்தில், பின்னாலிருந்து ஒரு புளிப்பு எட்டிப் பார்த்தது. அது எலுமிச்சம்பழப் புளிப்பு அல்ல. முந்தின நாள் தோசை மாவின் புளிப்பு. இரண்டாவது வாயில் புளிப்பே முன்னால் வந்தது. மூன்றாவது வாயில் நாம் நூற்றில் ஒரு பங்கையும் மறந்தோம், மனச்சாட்சியையும் மறந்தோம். அடி வரையில் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "பேஷ்! இன்னொரு தம்ளர் வாங்கட்டுமா?" என்று கேட்டோம்.

நம் மனைவி பதில் சொல்லவில்லை. அவள் தம்ளரில் பாதி அப்படியே இருந்தது. வெளியில் விழுகிற பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கள் அம்மா கொடுத்தபோது பழக்கமில்லை என்று சொன்னீர்களே?" என்றாள்.

நமக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மெதுவாக ஞாபகம் வந்தது.

1999-ஆம் வருஷம். கல்யாணமான புதிது. கடுங்கோடையில் மாமனார் கிராமத்துக்குப் போயிருந்தோம். பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்த களைப்புத் தீர மாமியார் ஒரு வெண்கலச் செம்பில் கம்பங்கூழ் கரைத்து, உப்பும் மோரும் சேர்த்து, உரித்த சின்ன வெங்காயத்தோடு கொண்டு வந்து வைத்தார். அதில் அன்றைக்கு அதிகாலையிலிருந்து அவர் செய்த வேலை இருந்தது. நாம் செம்பை எட்டிப் பார்த்துவிட்டு, "பழக்கமில்லை, காப்பி கிடைக்குமா?" என்று கேட்டோம். அந்த வீட்டில் காப்பிப்பொடி கிடையாது. ஒரு பையனைச் சைக்கிளில் அனுப்பி வாங்கி வரச் செய்தார்கள். காப்பி வந்தது, குடித்தோம், மறந்தோம்.

"நீங்கள் மறந்துவிட்டீர்கள்" என்றாள் நம் மனைவி. "அம்மா மறக்கவில்லை. கோபமெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்கப்புறம் உங்கள் முன்னால் கம்பு என்ற பேச்சையே எடுத்ததில்லை. நீங்கள் வருகிற நாளில் கூழ்ப் பானையைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் மறைத்து வைப்பாள். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்."

கடைக்குள் எல்லாரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாடத்தில் அந்தத் தனித் தம்ளர் பளபளத்தது. ஒரு தேசம் தன் கூழ்த் தம்ளரைக் கண்ணாடிக் கூண்டில் வைத்துப் போற்றுகிறது. அதன் எதிரே உட்கார்ந்துகொண்டு, நம்மால் ஓர் அம்மாள் தன் கூழ்ப் பானையைக் கொல்லையில் மறைத்து வைக்கிறாள் என்பதைக் கேட்டோம். திரும்பி வரும் படகில் இருவரும் அதிகமாகப் பேசவில்லை.

அரிசி உசத்தி, கம்பு தாழ்த்தி என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எந்தப் பாடப் புஸ்தகத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்க்கிற நமக்குத் தெரியும்: புஸ்தகத்தில் இல்லாத பாடங்களைத்தான் பையன்கள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். இதற்கு வெள்ளைக்காரர்மேல் பழி போடவும் வழியில்லை. அவர்கள் போன பிறகு பிறந்த நாம்தான் செம்பைத் தள்ளி வைத்தோம். பிற்பாடு, நம் தேசத்தின் யோசனையை ஏற்று ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் வருஷத்தைச் சர்வதேசச் சிறுதானிய வருஷமாகக் கொண்டாடியது. நல்ல காரியம். ஆனால் கம்புக்குக் கௌரவம் நியூயார்க்கிலிருந்து வர வேண்டியதில்லை. அந்த வெண்கலச் செம்பை அன்றே இரண்டு கையாலும் வாங்கியிருந்தால் போதும்.

அந்த வாரத்திலேயே, ராத்திரி குரல் கேட்டதும் மூன்று மாடி இறங்கினோம். கையில் வீட்டுச் சொம்பு. பொஸாக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அனடோலியாவின் நடுப்பகுதியில் ஒரு கிராமத்தார். கோடையில் ஊரில் விவசாயம். குளிர்காலத்தில் பட்டணத்தில் பொஸா. இடுப்பில் லவங்கப்பட்டைப் பொடி டப்பா. ஜேபியில் கடலைப் பொட்டலம்.

"ஹிந்துஸ்தானா?" என்று கேட்டார். "ஆம்" என்றோம். "உங்கள் ஊரில் பொஸா உண்டா?" என்றார். "உண்டு" என்றோம். "யார் விற்கிறார்கள்?" என்றார். நமக்குத் தெரிந்த அரைகுறைத் துருக்கியில், "எங்கள் வீட்டில் விற்பதில்லை. மனைவியின் தாயார் சும்மா கொடுக்கிறார்" என்று சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, சொம்பில் இன்னும் ஒரு கரண்டி சேர்த்து ஊற்றினார்.

சமைத்துக் கொடுத்தவருக்குத் துருக்கியில் ஒரு வார்த்தை சொல்லுவார்கள். 'எலினிஸே ஸாலிக்' என்பது அது. 'உங்கள் கைக்கு ஆரோக்கியம்' என்று அர்த்தம். அதை நாம் அன்று பொஸாக்காரரிடம் சொன்னோம். மேலே வந்து நம் மனைவியிடம், "எவ்வளவு அழகான வார்த்தை! நம் பாஷையில் இதற்கு ஈடாக ஒரு வார்த்தை இல்லையே!" என்றோம். "நம் ஊரில் வார்த்தை எதற்கு? இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தால் போதும், அதுதான் வார்த்தை" என்றாள்.

அப்புறம் அவள் தாயாருக்குத் தொலைபேசி போட்டாள். "அம்மா, உன் மாப்பிள்ளை இங்கே தெருவில் நின்று கூழ் வாங்கிக் குடிக்கிறார். அதுவும் காசு கொடுத்து!" என்றாள். மறுமுனையில் வெகு நேரம் நம்பிக்கை ஏற்படவில்லை போலிருக்கிறது. எந்தத் தானியம், எப்படிக் கரைக்கிறார்கள் என்றெல்லாம் விசாரணை நடந்தது. "உப்பு இல்லையம்மா, சர்க்கரை போடுகிறார்கள்" என்று நம் மனைவி சொன்னதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நமக்கே கேட்கும்படி மாமியாரின் குரல் வந்தது: "கூழுக்குச் சர்க்கரையா! ஐயோ பாவம், அந்த ஊரில் உப்புக்குப் பஞ்சமா?"

இரண்டாவது குளிர்காலத்தில் பொஸாக்காரர் தினந்தோறும் வரவில்லை. வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் வந்தார். இப்போது பெரிய கடைகளிலெல்லாம் பொஸாவைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். தெருவில் அதைச் சுமந்து திரிகிறவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். நோபல் பரிசு பெற்ற துருக்கி ஆசிரியர் ஓர்ஹான் பாமுக் 2014-ல் வெளியிட்ட பெரிய நாவல் ஒன்றுக்குக் கதாநாயகனே இப்படிப்பட்ட தெருப் பொஸாக்காரன்தான். எதிர் வீட்டுப் பாட்டியம்மாளிடம் ஒரு நாள், "உங்கள் பேரன் பாட்டில் வாங்கி வருகிறானே, பிறகு ஏன் கூடை இறக்குகிறீர்கள்?" என்று கேட்டோம். "பாட்டில் கூப்பிடாதே!" என்றாள் பாட்டியம்மாள்.

உண்மைதான். பண்டம் இருந்தால் மட்டும் போதாது. கொடுக்கிறவர் கூப்பிட வேண்டும், குடிக்கிறவர் இறங்கி வர வேண்டும். ஒருவர் கூப்பிட்டு மற்றவர் வராமற்போனால், கூப்பிடுகிறவர் கொஞ்ச நாளில் வாயை மூடிக்கொள்கிறார். அல்லது பானையைக் கொல்லையில் மறைத்து வைக்கிறார்.

2019 ஜூன் மாதத்தில் தாய்நாடு திரும்பினோம். முதல் வாரத்திலேயே கரிசல் கிராமத்துக்குப் புறப்பட்டோம். மாமியாருக்கு எழுபது வயதாகிவிட்டது. வாசலுக்கு வந்து வரவேற்று, வழக்கம்போல் காப்பி கொண்டு வந்து வைத்தார். இருபது வருஷமாக அந்த வீட்டில் நமக்கென்றே காப்பிப்பொடி வாங்கி வைத்திருக்கிறார்கள். காப்பியைக் குடித்துவிட்டு, "கூழ் இருக்கிறதா?" என்று கேட்டோம்.

மாமியார் நம் மனைவியைப் பார்த்தார். "மாப்பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு?" என்றார்.

"இஸ்தான்புல்லில் இரண்டு வருஷம் குடித்துப் பார்த்தேன். அவர்களுக்கு உப்புப் போடத் தெரியவில்லை" என்றோம்.

மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "இன்றைக்குக் கேட்டால் இன்றைக்கே கிடைக்குமா? ராத்திரி புளிக்க வேண்டாமா? நாளைக்குத்தான்" என்றார். சாயங்காலம் கொல்லையிலிருந்த உரலைக் கழுவிக் கம்பைப் போட்டு இடித்தார்கள். உலக்கையை மாமியாரிடமிருந்து மகள் வாங்கிக்கொண்டாள்; மகளிடமிருந்து நாம் வாங்கினோம். இருபது குத்துக்குமேல் நம்மால் முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

மறுநாள் காலையில் அதே வெண்கலச் செம்பு வந்தது. மோர், உப்பு, சின்ன வெங்காயம், வறுத்த சீனியவரை வற்றல் எல்லாம் வந்தன. குடித்து முடித்துச் செம்பை இரண்டு கையாலும் மறுபடி நீட்டினோம். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. பானையை அருகில் இழுத்து வைத்துக்கொண்டு, செம்பு நிறைய ஊற்றினார்.

அடுக்களையிலிருந்து நம் மனைவியின் குரல் வந்தது: "அம்மா, அவருக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேள்!"